ஆஸ்பெஸ்டாஸ் எடுத்துவிட்டுத் தகரம்: கேரேஜ் கூரைக்குக் காற்றோட்டமும் வெப்பக்காப்பும்

பட்டறைவாசல்:

கேரேஜ் அளவு 6 மீ × 6 மீ. இருபக்கச் சாய்வு, ஏறக்குறைய 20 டிகிரி. கைமரங்கள் (சாய்வு வாட்டில் ஓடும் தாங்கு மரங்கள்) 100 × 50 மி.மீ., 600 மி.மீ. இடைவெளியில். அவற்றின் மேல் 75 மி.மீ. உயரப் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), அதற்கு மேல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட். ஒரு முக்கோணச் சுவர் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கிறது.

ஷீட்டை எடுத்துவிட்டு 0.5 மி.மீ. கலர் தகர ஷீட் போடப் போகிறேன். உள்ளே ஒரு கார், மீதி இடத்தில் மரவேலை மேசை. கோடையில் சில மணி நேரம் ஏ.சி. ஓடும்.

கூரை வேலைக்காரர் சொல்வது: கைமரங்களுக்கு இடையே 50 மி.மீ. கிளாஸ் வூல், கீழே பாலித்தீன் விரித்து ஜிப்சம் போர்டு, முகட்டில் ஒரு டர்பைன் ஃபேன் (காற்றில் தானே சுழன்று உள்காற்றை இழுக்கும் விசிறி). இது போதுமா? இல்லை, கூரையைத் திறந்திருக்கும்போதே செய்யவேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா?

பனிநிலை:

போதாது. முதலில் பொருள் மாறுவதைக் கவனியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் கொஞ்சம் ஈரம் குடிக்கும். இரவில் அடிப்பக்கம் படிகிற நீரை உள்ளே வாங்கி, பகலில் வெளியே விட்டுவிடும். தகரம் எதையும் குடிக்காது. பழைய கூரையில் இல்லாத சொட்டல் புதுத் தகரத்தில் முதல் பருவத்திலேயே வருவது இதனால்தான். "புதுக் கூரை ஒழுகுகிறது" என்று வரும் புகார்களில் பல உண்மையில் ஒழுகலே இல்லை.

கணக்கு எளிது. காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஏறக்குறைய 21 டிகிரி. மேகமில்லாத இரவில் தகரம் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்த்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். 4 டிகிரி இறங்கினாலே அடிப்பக்கம் வியர்க்கும்.

இங்கேதான் பலரும் தவறாக நினைக்கிறார்கள்: "காற்றோட்டம் கூட்டினால் வியர்வை நின்றுவிடும்." நிற்காது. இரவில் வெளியிலிருந்து வரும் காற்றே ஈரமாகத்தான் இருக்கிறது. கூட்டினால் இன்னும் கொஞ்சம் ஈரத்தைக் கொண்டுவந்து தகரத்தில் படியவைக்கும். காற்றோட்டத்தின் வேலை, படிந்ததைப் பகலில் உலர்த்துவது. படிந்த நீர் கீழே விழாமல் எங்கே போகிறது என்பது தனிக் கேள்வி. அதற்கு ஷீட்டுக்கு அடியில் நீரைப் பிடித்து இறவாரத்துக்கு (கூரையின் தாழ்ந்த ஓரத்துக்கு) கொண்டுபோகும் ஒரு விரிப்பு வேண்டும். இல்லையென்றால், அடிப்பக்கத்தில் ஃபெல்ட் ஒட்டிய ஷீட் வேண்டும்.

உங்கள் வேலைக்காரரின் திட்டத்தில் சொட்டும் நீர் நேராகக் கிளாஸ் வூலில் விழும். நனைந்த கிளாஸ் வூல் வெப்பம் தடுக்காது. அடியில் பாலித்தீன் வேறு இருப்பதால் கீழே வடியவும் முடியாது.

தகரமழை:

ஒரு மாற்றுக் கருத்து. கதவு பகல் முழுக்கத் திறந்து கிடக்கும் கேரேஜ் என்றால் இவ்வளவும் வீண். அங்கே தலைக்கு மேல் சூடு தெரிவது கதிர்வீச்சால். அடர் நிறத் தகரம் உச்சி வெயிலில் 60, 70 டிகிரிக்குப் போகும். அது கீழே இருப்பவர் மேல் நேராகக் கதிர்க்கிறது. வெளிர் நிற ஷீட், அதற்கு 25 மி.மீ. கீழே பளபளப்புப் பக்கம் தெரிய ஒரு அலுமினிய ஃபாயில் விரிப்பு, இறவாரமும் முகடும் திறப்பு. முடிந்தது. செலவில் கால் பங்கு.

ஃபாயிலின் பளபளப்புப் பக்கத்தை எதனோடும் ஒட்டவிட்டால் பயனே இல்லை. அது தடுப்பது கதிர்வீச்சை மட்டும். தொட்டுக்கொண்டிருந்தால் வெப்பம் கடத்தலாகப் போய்விடும். அந்தப் பக்கம் குறைந்தது 20 மி.மீ. காற்று இடைவெளி வேண்டும். ஒரே பக்கம் பளபளப்பு என்றால் அதைக் கீழ்நோக்கி வையுங்கள். மேல்நோக்கிய ஃபாயிலில் சில ஆண்டுகளில் தூசி படிந்துவிடும்.

பட்டறைவாசல்:

கதவு பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். ஏ.சி. ஓடும்போது நிச்சயம் மூடியிருக்கும்.

தகரமழை:

அப்படியென்றால் முழு வெப்பக்காப்புதான். ஆனால் ரோலிங் ஷட்டரைச் சுற்றி 20 மி.மீ. சந்து இருந்தால் கூரையில் கொட்டும் பணத்தில் பாதி அந்தச் சந்து வழியாகப் போகும். கதவின் அடிக்கும் பக்கங்களுக்கும் ரப்பர் பட்டை போட்டுவிட்டுக் கூரைக்கு வாருங்கள்.

சாய்கூரை:

இப்போது உங்கள் கைமரக் கணக்கு. 100 மி.மீ. உயரத்துக்குள் காற்று வழியும் வெப்பக்காப்பும் இரண்டும் வேண்டும் என்கிறீர்கள். சாய்வை ஒட்டியே காப்பு வைக்கும் கூரையில் காப்புக்கு மேலே 50 மி.மீ. காற்று வழி விடுவது பிரிட்டிஷ் நடைமுறை. அமெரிக்க விதியில் குறைந்தது 25 மி.மீ. 50 விட்டால் மிச்சம் 50. அதில் கிளாஸ் வூல் வைத்தால் வெப்பத்தடை 1.25தான் (சதுர மீட்டர் கெல்வின் / வாட்; வூலின் கடத்தல் எண் 0.040 என்று வைத்து). கைமரமோ வெப்பம் கடத்தும் பாலம்.

காற்று வழியே விடாமல் 100 மி.மீ. முழுவதும் வூல் அடைத்தால்கூட:

வூல் வழியே 2.5, மரம் வழியே 0.77 (கடத்தல் எண் 0.13). பரப்பில் மரம் 50/600, அதாவது 8.3 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் கூரையின் சராசரி 2.1. மரம் 8 சதவீத இடத்தைப் பிடித்து 16 சதவீதத் தடையைத் தின்றுவிடுகிறது. கைமரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் இருந்தால் இந்தக் கணக்கைப் போடவே வேண்டாம், அவ்வளவு மோசம்.

எனவே காப்பைக் கைமரத்துக்கு மேலே ஏற்றுங்கள். கூரை திறந்திருக்கும்போது மட்டும்தான் இதைச் செய்ய முடியும். 60 மி.மீ. பி.ஐ.ஆர். போர்டு (விறைப்பான ஃபோம் காப்புப் பலகை), இருபுறமும் ஃபாயில் ஒட்டியது, கடத்தல் எண் 0.022: தடை 2.7. இடையில் மரப் பாலம் இல்லை, ஸ்க்ரூக்கள் மட்டும்தான். அதே அளவு தடைக்குத் தெர்மாகோல் என்றால் 100 மி.மீ. வேண்டும், எக்ஸ்.பி.எஸ். (அடர்த்தியான பாலிஸ்டைரின் ஃபோம்) என்றால் 90 மி.மீ.

கீழிருந்து மேலாக அடுக்கு:

கைமரம் → 60 மி.மீ. போர்டு, இணைப்புகளில் அலுமினிய டேப் → விரிப்பு → கைமரத்தின் மேலேயே, அதே திசையில் ஓடும் 38 மி.மீ. நீளவாட்டு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) → அதன்மேல் குறுக்கே 38 மி.மீ. ரீப்பர் → தகரம்.

காற்று வழி நீளவாட்டு ரீப்பர்களுக்கு இடையே இறவாரத்திலிருந்து முகடு வரை தடையில்லாமல் போகிறது. வியர்வை சொட்டினால் விரிப்பில் விழுந்து, அதே வழியில் இறங்கி வெளியே போகும்.

நூல்பிடி:

சாய்கூரை அண்ணன் சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்லணும். நீளவாட்டு ரீப்பரை மிச்சம் பிடிக்கிறேன்னு விட்டுட்டு, குறுக்கு ரீப்பரை நேரா போர்டு மேலயே அடிக்கிற ஆளுங்க நிறைய. அப்படி அடிச்சா ஒவ்வொரு குறுக்கு ரீப்பரும் ஒரு அணை. காத்தும் போகாது, சொட்டுற தண்ணி ஒவ்வொரு ரீப்பர் மேல்விளிம்பிலயும் தேங்கி மரத்தை அழுக வைக்கும். ஷீட்டோட மடிப்பு வழியா கொஞ்சம் காத்து போகும்தான், அதை நம்பாதீங்க.

வேலை வரிசை:

இறவாரத்துல, சுவருக்கு நேர் மேல, போர்டு கனத்துக்கே ஒரு 60 மி.மீ. தடைக்கட்டையை எல்லாக் கைமரத்தோடும் சேத்து ஸ்க்ரூ போடுங்க. போர்டும் அதுக்கு மேல உள்ள பாரமும் சாய்வுல வழுக்காம நிக்கிறது இந்தக் கட்டைலதான். போர்டு அதுல முட்டி நிக்கணும். சுவருக்கு வெளிய நீட்டுற பகுதிக்குக் காப்பு தேவையில்லை, அங்க அதே உயரக் கட்டை போதும்.

போர்டு அடுக்கும்போது குறுக்கு இணைப்பு கைமரத்து மேல விழணும், வரிசைக்கு வரிசை மாத்தி மாத்தி. முகட்டுல ரெண்டு பக்கப் போர்டும் கோணம் வெட்டிச் சேரணும். 5 மி.மீ.க்கு மேல சந்து இருந்தா ஃபோம் அடிச்சு, காஞ்சதும் சீவி, டேப் ஒட்டுங்க. டேப் ஒட்டுற முன்னாடி ஃபாயிலைத் துணியால தொடைக்கணும். தூசி மேல ஒட்டுன டேப் ஒரு கோடைகூடத் தாங்காது.

ஸ்க்ரூ நீளம்: ரீப்பர் 38 + போர்டு 60 + கைமரத்துக்குள்ள குறைஞ்சது 40 = 138. 140 கிடைச்சா அது, இல்லேன்னா 150. 400 மி.மீ.க்கு ஒண்ணு. நூல் பிடிச்சு, கைமர நடுவைப் போர்டு மேல கோடு போட்டுக்கிட்டு ஏத்துங்க. 50 மி.மீ. அகல மரம், போர்டு மறைச்சிருக்கும். பாதி ஸ்க்ரூ காத்துல போயிரும். கீழ ஒருத்தர் நின்னு முனை பக்கவாட்டுல எட்டிப் பாக்குதான்னு பாக்கணும்.

பட்டறைவாசல்:

நன்றி. பொருள் எவ்வளவு வேண்டும்?

சாய்கூரை:

6 மீ. நீளம், ஒரு பக்கம் 3 மீ. கிடைமட்டம், அதோடு 0.3 மீ. நீட்டல் என்று வைத்துப் போட்டது:

போர்டு: சுவர் வரை மட்டும் 3.2 × 6 × 2 = 38.4 சதுர மீட்டர். 1.2 × 2.4 மீ. போர்டு 14 தேவை. வெட்டுச் சேதாரத்துக்குச் சேர்த்து 15.
நீளவாட்டு ரீப்பர்: பக்கத்துக்கு 11 கைமரம் × 3.5 மீ. × 2 = 77 மீ. 85 வாங்குங்கள்.
குறுக்கு ரீப்பர்: 600 மி.மீ. இடைவெளியில் பக்கத்துக்கு 7 வரிசை, 6.2 மீ. நீளம் = 87 மீ. 95 வாங்குங்கள்.
நீள ஸ்க்ரூ: 220.
விரிப்பு: 43 சதுர மீட்டர் கூரை, மேலடுக்கு 150 மி.மீ. சேர்த்தால் 50 தாண்டும். 75 சதுர மீட்டர் சுருள் ஒன்று.
அலுமினிய டேப்: 75 மி.மீ. அகலம், 50 மீ. சுருள் 2.

விரிப்பு நீராவி விடும் வகையா விடாத வகையா என்று கேட்பீர்கள். இந்த அடுக்கில் அடியில் ஃபாயில் போர்டு இருப்பதால் இரண்டில் எதுவானாலும் சரி. கிழியாத கனமும் வெப்பம் தாங்கும் தன்மையும் பாருங்கள்.

பட்டறைவாசல்:

காற்று வழியின் திறப்பு எவ்வளவு? டர்பைன் ஃபேன் வேண்டுமா?

சாய்கூரை:

அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் அடிப்படை, தரைப் பரப்பில் 150இல் ஒரு பங்கு நிகரத் திறப்பு. கீழும் மேலும் ஏறக்குறைய சமமாகப் பிரித்திருந்தால் 300இல் ஒரு பங்கு போதும் என்கிறது (குளிர்ப் பகுதிகளில் நீராவித் தடுப்பு நிபந்தனையும் உண்டு). உங்கள் 36 சதுர மீட்டருக்கு 300இல் ஒரு பங்கு என்றால் 0.12 சதுர மீட்டர், அதாவது 1200 சதுர செ.மீ.

பாதி இறவாரத்தில்: 600 / 12 மீ. = மீட்டருக்கு 50 சதுர செ.மீ. தடையில்லாத 5 மி.மீ. சந்துக்குச் சமம்.
பாதி முகட்டில்: 600 / 6 மீ. = மீட்டருக்கு 100 சதுர செ.மீ. பக்கத்துக்கு 5 மி.மீ.

பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 5250, சாய்வை ஒட்டிக் காப்பு வைத்த கூரைக்கு இறவாரத்தில் 25 மி.மீ., முகட்டில் 5 மி.மீ. தொடர் சந்துக்குச் சமமான திறப்பு கேட்கிறது. இந்த இரண்டு விதிகளும் காப்புக்கும் விரிப்புக்கும் இடையே காற்று விடும் கூரைக்கானவை. உங்கள் காற்று வழி விரிப்புக்கு மேலே இருக்கிறது. ஆனாலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். இறவாரத்தில் 25 மி.மீ. விடுங்கள், உங்களிடம் 38 இருக்கிறது. தூசி, சிலந்தி வலை, பெயின்ட் எல்லாம் அடைத்த பிறகும் வழி மிஞ்ச வேண்டும்.

"நிகர" என்ற சொல்லைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். கொசுவலை ஒட்டினால் திறப்பில் பாதியளவுதான் மிஞ்சும், ஓராண்டில் அதுவும் அடைபடும். 4 மி.மீ. கண் உள்ள துருப்பிடிக்காத கம்பிவலை போதும். இங்கே தடுக்கவேண்டியது குளவியையும் எலியையும்தான். கொசு அந்தச் சந்துக்குள் போனால் போகட்டும், கேரேஜுக்குள் வர வழியில்லை.

பனிநிலை:

டர்பைன் வேண்டாம். முகட்டுச் சந்தும் டர்பைனும் ஒன்றாக இருந்தால், டர்பைன் தனக்கு மிக அருகில் உள்ள திறப்பிலிருந்து இழுக்கும். அது முகட்டுச் சந்து. இறவாரக் காற்று அசையாது. மழைக்காற்றில் முகட்டுச் சந்து வழியே நீரையும் உள்ளே இழுக்கும். முக்கோணச் சுவரில் ஜன்னல் போட்டு அதையும் முகட்டுச் சந்தையும் சேர்ப்பதும் இதே குழப்பம்தான். மேலே ஒரே வகைத் திறப்பு, கீழே ஒரே வகைத் திறப்பு.

இந்த அடுக்கில் டர்பைனுக்கு ஷீட்டையும் போர்டையும் துளைத்தால் காப்பில் 300 மி.மீ. ஓட்டை விழுகிறது. ஏ.சி. போட்ட குளிர்ந்த காற்று அதன் வழியே போகும்.

நூல்பிடி:

முகடு: ஷீட்டை உச்சிவரை கொண்டுபோகாம பக்கத்துக்கு 25 மி.மீ. விட்டு நிறுத்துங்க. தட்டைப் பகுதியோட மேல்முனையை இடுக்கியால 20 மி.மீ. மேல்நோக்கி மடிச்சு விடுங்க. காத்து தள்ளுற மழை ஏறி உள்ள விழாது. கீழ விரிப்பு முகட்டைத் தாண்டி மறுபக்கம் 150 மி.மீ. இறங்கணும்.

முகட்டுத் தொப்பிக்கு அடியில வைக்கிற ஃபோம் பட்டைதான் இந்த வேலையையே கெடுக்கிற சாமான். கடைல சாதாரணமா குடுக்கிறது மூடின ஃபோம். அதை ரெண்டு பக்கமும் வச்சு சிலிக்கான் வேற பூசுனா, நீங்க விட்ட சந்து எல்லாம் போச்சு. காத்து போற வகைப் பட்டைன்னு கேட்டு வாங்குங்க. ஊதிப் பாத்தா காத்து போகணும்.

இறவாரத்துல ஷீட் மடிப்புக்கு அடியில பல்லு பல்லா இருக்கிற சீப்புப் பட்டை, அதுக்குக் கீழ ரீப்பர் சந்துக்குக் கம்பிவலை. விரிப்போட அடிமுனை காத்துல தொங்கக்கூடாது. தகரத்துல ஒரு சொட்டுப்பட்டை மடிச்சு, அது மேல விரிப்பை ஒட்டி, பட்டையோட உதடு இறவாரத்துல மாட்டுற மழைத் தண்ணிக் குழாய்க்குள்ள 30 மி.மீ. இறங்கணும். சும்மா விட்ட விரிப்பு ஃபேஸ்யா பலகைக்கு (இறவார ஓரத்துல அடிக்கிற பலகை) பின்னால தொய்ஞ்சு குளம் கட்டும், பலகை உள்பக்கமிருந்து அழுகும்.

பட்டறைவாசல்:

வீட்டுச் சுவர்ப் பக்கம் ஒரு சிக்கல். கேரேஜ் முகட்டுக்கு நேர் மேலே வீட்டு ஜன்னல். பழைய முகட்டு ஓட்டின் மேல்விளிம்புக்கும் ஜன்னல் அடிக்கும் 200 மி.மீ.தான். இந்த அடுக்கெல்லாம் போட்டால் கூரை உயர்ந்துவிடாதா?

சாய்கூரை:

கைமரத்தின் மேல்விளிம்பிலிருந்து அளந்து பாருங்கள். பழையது: பர்லின் 75 + அலை ஷீட் 50 ஏறக்குறைய = 125. புதியது: 60 + 38 + 38 + ஷீட் மடிப்பு 28 = 164. கூடுவது 40 மி.மீ. பழைய பர்லின்களை எடுத்துவிடுவதால்தான் இவ்வளவு குறைவு. அவற்றை வைத்துக்கொண்டு அதற்கு மேல் அடுக்கினால் 115 கூடும், ஜன்னலுக்கு அடியில் ஃப்ளாஷிங் (கூரையும் சுவரும் சேரும் இடத்தை மூடும் தகரம்) போட இடமே இருக்காது.

சுவரில் ஏறும் ஃப்ளாஷிங் தகரம் ஷீட்டுக்கு மேல் 150 மி.மீ. நிற்க வேண்டும். உங்களுக்கு 160 மிஞ்சுகிறது, மட்டுமட்டாகச் சரி. ஃப்ளாஷிங்கின் மேல்விளிம்பு சுவர்ப் பூச்சில் 25 மி.மீ. ஆழக் காடி வெட்டி உள்ளே போக வேண்டும். பூச்சின் மேல் வைத்து சிலிக்கான் பூசுவது ஓரிரு ஆண்டு ஏற்பாடு.

இதனால் ஃபேஸ்யா பலகையின் உயரமும் மாறும். தண்ணீர்க் குழாயின் மட்டத்தை ஷீட் மாட்டுவதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.

தகரமழை:

எடையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ, பர்லின் 3. புதியது: தகரம் 5, ரீப்பர்கள் 3, போர்டு 2, மொத்தம் 10. இதில் கீழே 12.5 மி.மீ. ஜிப்சம் சேர்த்தால் இன்னும் 9. பழைய எடைக்கு ஏறக்குறைய சமமாக வந்துவிடுகிறது, பனிப்பொழிவு இல்லாத இடத்தில் கைமரத்துக்குப் பயமில்லை. நடுவில் தொய்வு ஏற்கெனவே இருந்தால் அதை இப்போதே சரிசெய்யுங்கள்.

ஆனால் ஜிப்சம் போடும்வரை கூரை பழையதைவிடப் பாதி எடை. காற்று தூக்கும் விசை குறையவில்லை. பழைய கூரை தன் எடையாலேயே உட்கார்ந்திருந்தது. கைமரம் சுவர்ப் பலகையில் (சுவர் உச்சியில் கிடத்திய மரத்தில்) ரெண்டு ஆணியில் நிற்கிறதா, சுவர்ப் பலகை சுவரில் போல்ட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைமரத்துக்கு ஒரு உலோகப் பட்டி, சுவர்ப் பலகைக்கு 1.2 மீட்டருக்கு ஒரு ஆங்கர் போல்ட். காற்று பலமாக அடிக்கும் இடம் என்றால் இதைப் பொறியாளர் கணக்கிட வேண்டும்.

பட்டறைவாசல்:

ஜிப்சம் கட்டாயமா? போர்டின் அடியில் ஃபாயில் பளபளவென்று அழகாகத்தானே இருக்கும்?

பனிநிலை:

பி.ஐ.ஆர்., எக்ஸ்.பி.எஸ்., தெர்மாகோல் எல்லாமே எரியும். பெட்ரோல் இருக்கிற, மரத்தூள் பறக்கிற கேரேஜில் ஃபோமைத் திறந்து வைக்காதீர்கள். 12.5 மி.மீ. ஜிப்சம், இணைப்புகளில் டேப்பும் பூச்சும். வீட்டோடு ஒட்டிய கேரேஜ் என்பதால், வீட்டுச் சுவர் கூரைத் தகரம் வரை முழுசாக ஏறியிருக்கிறதா, நடுவில் வயர் போட்ட ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். புகையும் எக்ஸாஸ்ட்டும் வீட்டுக்குள் போகும் வழி அதுதான்.

ஜிப்சத்துக்குப் பின்னால் பாலித்தீன் வேண்டாம். நீராவித் தடுப்பு ஆண்டில் பெரும்பகுதி எந்தப் பக்கம் சூடோ அந்தப் பக்கம் இருக்க வேண்டும். ஏ.சி. போடும் இடத்தில் சூடான, ஈரமான பக்கம் வெளியே. உள்பக்கம் பாலித்தீன் வைத்தால் வெளியிலிருந்து கசியும் ஈரம் அதன் குளிர்ந்த பின்பக்கத்தில் படியும். உங்கள் அடுக்கில் டேப் ஒட்டிய ஃபாயில் போர்டே தடுப்பு. சுவரும் கூரையும் சேரும் இடத்தை மட்டும் ஃபோம் வைத்து மூடுங்கள். காற்றுக் கசிவு அதிகம் அங்கேதான்.

கைமரங்களுக்கு இடையே இருக்கும் 100 மி.மீ. வெற்றிடத்தில் "எப்படியும் இடம் இருக்கிறதே" என்று வூல் அடைக்கவேண்டாம். கூடுதல் காப்பு வேண்டுமென்றால் மேலே உள்ள போர்டை 80 ஆக்குங்கள், ஸ்க்ரூவை 160 ஆக்குங்கள். ஆனால் ஜன்னலுக்குக் கீழே இன்னொரு 20 மி.மீ. போய்விடும், ஃப்ளாஷிங்குக்கு 150 நிற்காது. உங்கள் இடத்தில் 60தான் எல்லை.

சாய்கூரை:

இன்னொன்று. கூரையின் காற்று வழிக்கும் கேரேஜின் உள்காற்றுக்கும் இப்போது தொடர்பே இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் கேரேஜுக்குத் தனிக் காற்றோட்டம் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். எனவே சுவரில் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் ஒரு திறப்பு, எதிர்ச் சுவரில் மேலே ஒரு திறப்பு. ஏ.சி. ஓடும்போது மூடும் தகடு வைக்கலாம். கார் உள்ளே நிற்கும்போது கீழ்த் திறப்பை மூடாதீர்கள். எஞ்சினை உள்ளே ஓடவிடுவதற்கு எந்தத் திறப்பும் ஈடாகாது.

பட்டறைவாசல்:

கடைசியாக, பழைய ஷீட்டை நானே இறக்கலாமா? ரீப்பர் எந்த மரம்?

தகரமழை:

ஷீட்டைப் பற்றி முதலில் உங்கள் பகுதிச் சட்டத்தைப் பாருங்கள். பல நாடுகளில் அனுமதி பெற்றவர்தான் தொடலாம், கழிவை ஒப்படைக்கத் தனி இடம் உண்டு. யார் செய்தாலும் முறை ஒன்றுதான்: ஷீட்டை நீர் தெளித்து நனைத்துக்கொண்டே இருப்பது. ஜே போல்ட்டை (ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட்) வெட்டி எடுப்பது, ஷீட்டை உடைக்காமல் முழுசாக இறக்குவது. ரம்பம், கிரைண்டர், பிரஷர் வாஷர், துடைப்பம் எதுவும் கூடாது. சாதாரண வேக்குவம் நாரைப் பிடிக்காது, பின்பக்கமாக அறைக்குள் ஊதிவிடும். துணி மாஸ்க் போதாது, நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 தர மாஸ்க் வேண்டும். ஷீட்டுகளைக் கனமான பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, எழுதி ஒட்டி வைக்க வேண்டும். அந்த ஷீட் மேல் ஏறி நடக்காதீர்கள். பழசானது எச்சரிக்காமல் உடையும், கூரை வேலையில் ஆட்கள் விழுவது இப்படித்தான்.

நூல்பிடி:

ரீப்பர் பூச்சி மருந்து ஏத்துனதா இருக்கட்டும், ஆனா செம்பு கலந்த மருந்துன்னா தகரம் அதை நேரா தொடக்கூடாது. ஈரம் பட்டா ஜிங்க் பூச்சைத் தின்னும். குறுக்கு ரீப்பர் மேல விரிப்புலயே ஒரு பட்டை வெட்டி ஒட்டிட்டு ஷீட் போடுங்க. ஏ.சி. செம்புக் குழாய்த் தண்ணியும் ஷீட் மேல சொட்டக்கூடாது, அதே காரணம். ஸ்க்ரூவும் இந்த மரத்துக்கு ஏத்த பூச்சு உள்ளதா பாத்து வாங்குங்க.

ஷீட் ஸ்க்ரூவை முறுக்கும்போது ரப்பர் வாஷர் லேசா பிதுங்குனதும் நிறுத்துங்க. ஓரம் தாண்டிப் பிதுங்குனா ரெண்டு வெயில்ல வெடிச்சிரும். 3.5 மீ. ஷீட் 50 டிகிரி மாத்தத்துல 2 மி.மீ. நீளும், சுருங்கும், அந்த அசைவை வாஷர்தான் தாங்கணும். துளைபோட்ட இரும்புத் துகளை அன்னைக்கே மென்மையான பிரஷ்ஷால தள்ளிருங்க, காலைல பாத்தா துருப்புள்ளி வந்திருக்கும்.

முகட்டுத் தொப்பியை மாட்டுற முன்னாடி, இறவாரத்துல ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு ரீப்பர் சந்துக்கும் கீழ பிடிங்க. வெயில் நேரத்துல புகை உள்ள இழுக்கணும். இழுக்காத சந்துல போர்டுத் துண்டோ பிதுங்குன ஃபோமோ மாட்டியிருக்கும். தொப்பி போட்டப்புறம் அதை எடுக்க வழி கிடையாது.